கல்லேறியவர்கள்

கஸ்பார் ஒரு காலத்தில் புன்னைத்துறையின் முதல் நீச்சல்காரர். இப்போது கடலில் இறங்கினால், கிணற்றில் போட்ட அம்மியைப் போல நேராக அடிக்குப் போய்விடுவார். சங்கு குளிப்பவர்கள் முன்பு மூழ்குவதற்காகக் காலில் கட்டிக்கொண்ட கல் அவருக்குத் தேவைப்படவில்லை. அந்தக் கல் அவருடைய எலும்புக்குள்ளேயே இருந்தது.

மேலே வருவதற்குத்தான் இன்னொருவர் வேண்டும். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் பனியடிமையின் கையில் இருக்கும். பனியடிமை, கஸ்பாரின் மனைவி செசிலிக்கு அண்ணன். அந்தக் கரையில் முத்துக் குளித்த நாளிலிருந்தே கயிறு மச்சினன் கையில்தான் இருக்கவேண்டும் என்பது வழக்கம். கீழே போனவன் திரும்பாவிட்டால் தாலியைக் கழற்றப்போவது கூடப்பிறந்தவள் என்ற நினைப்பு ஒரு மனிதனைக் கண்ணயர விடாது. மனித மனத்தை நன்றாக அறிந்தவர்கள் ஏற்படுத்திய வழக்கம் அது.

ஆனால் செசிலி இப்போது இல்லை.

"அவளே போயிட்டா. பொறவு மச்சினன் என்னவே மச்சினன்?" என்றார் அந்தோணிக்குட்டி. வள்ளம் அவருடையது. கீழே இருப்பவருக்குக் காற்று அனுப்பும் பம்பையும் அவரே பார்த்துக்கொண்டார். "மோட்டார வச்சி கயித்தச் சுத்துனா ஒரு நிமிசத்துல ஆளு மேல. இவரு இழுக்குத இழுவைக்கு நான் கரைக்குப் போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வந்துரலாம்."

கஸ்பார் காற்றுக்குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மோட்டாருக்கு எலும்பு முறியுத சத்தம் கேக்காது வே. ராயப்பனுக்கு நாலு விலா போனது மோட்டார்லதான்."

"ஆமா, இவரு காதுல மட்டும் கேக்கும்."

"கேக்கும்," என்றார் கஸ்பார். மச்சினன் பக்கம் திரும்பாமலே சிலுவை போட்டுக்கொண்டு, சரிந்து, மறைந்தார். கயிறு பனியடிமையின் உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடியது.

இருவரும் நேரில் பேசிக்கொண்டு மாதங்கள் ஆகியிருந்தன. பேச்செல்லாம் கயிற்றின் வழியாகத்தான். ஒரு சுண்டு சுண்டினால் நலம். இரண்டு சுண்டினால் தூக்கு.

போன வருஷம் மாதா திருவிழாவில், சொரூபத்தை வள்ளத்தில் ஏற்றிக் கடலில் பவனி கொண்டுபோனபோது காற்று திரும்பியது. பின்னால் போன வள்ளம் ஒன்று கவிழ்ந்தது. கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அதில் இருந்தவர்களில் பனியடிமையையும் இன்னும் சிலரையும் தண்ணீர் மேலே தள்ளியது. எலும்பில் கல்லேறியிருந்த ஏழு பேரைக் கீழே இழுத்துக்கொண்டது. செசிலி அவர்களில் ஒருத்தி. கல்லேறியவர்கள் பவனி வள்ளத்தில் ஏறக்கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு இருந்தது. பிள்ளை வேண்டி நேர்ந்திருந்ததால் அவளை மட்டும் யாரும் தடுக்கவில்லை. அவளை ஏற்றிய பிறகு மற்ற ஆறு பேரையும் தடுக்க முடியவில்லை.

கடல் யாரையும் வைத்துக்கொள்ளாது, மூன்றாம் நாள் கரையில் கொண்டுவந்து போட்டுவிடும் என்பது அந்த ஊரின் நம்பிக்கை. இந்த ஏழு பேரை அது திருப்பித் தரவில்லை. ஊரார் நாள்கணக்கில் தேடினார்கள். அந்த நீரோட்டத்தில் மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றும் அகப்படவில்லை. பனியடிமை மட்டும் இன்றுவரை விடியும் வேளையில் கரையோரமாக ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார்.

கஸ்பார், கடல்மணலில் தேன்கல் எடுக்கும் கம்பெனியின் கடலடி வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகு. அடிமணலில் நடந்துபோய், உறிஞ்சுகுழாயை எங்கே வைக்கலாம் என்று பார்த்துக் கம்பு நட்டுவிட்டு வருவது அவர் வேலை. அங்கே நடக்கக்கூடியவர்கள் கல்லேறியவர்கள் மட்டும்தான்.

அன்று வள்ளத்தில் நான்காவதாக இருந்தவள் திலகவதி. கம்பெனியின் பொறியாளர். தருமபுரிப் பக்கத்துப் பெண். மடியில் புதுக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு அதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மண்ணுக்குள்ளயும் பார்க்கும் அண்ணா," என்றாள் பனியடிமையிடம். "பழைய கருவி மேல கிடக்கறத மட்டும்தான் காட்டும்."

"கல்லு எங்க இருந்தாலும் காட்டுமா?"

"எங்க இருந்தாலும்."

"எங்க ஊர்ப் பக்கம் திருப்பினா திரை முழுக்க வெளிச்சமாத்தான் தெரியும்," என்றார் பனியடிமை. அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

பிறகு அவளே சொன்னாள். "இது எப்படி வந்துச்சுன்னு நீங்க யாரும் என்கிட்ட கேட்டதில்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கெட்டது பண்ணணும்னு யாரும் இதப் பண்ணல அண்ணா. முன்னாடி மணல்ல இருக்கற உலோகத்தை எடுக்க என்ன பண்ணாங்க? கரை மணலை மலை மலையா அள்ளி, அமிலத்துல கழுவி, கழிவைக் கடல்ல விட்டாங்க. அதை நிறுத்தணும்னுதான் இந்தக் கிருமியை உருவாக்குனாங்க. மணல்ல தூளாக் கிடக்கற அருமண் உலோகத்தை அதுவே பொறுக்கி, பாஸ்பேட்டோட சேர்த்து, மணி மணியா உருட்டி வெச்சிரும். அதுதான் தேன்கல். மோனசைட்டுன்னு சொல்வாங்களே, அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி ஒரு கனிமம். இயற்கையில ரொம்ப அபூர்வம். காத்தாடி மின்சாரத்துக்கு, கரண்ட் வண்டிக்கு எல்லாம் இதுதான் வேணும்."

"உருட்டட்டும். எங்க எலும்புக்குள்ள அதுக்கு என்ன சோலி?"

"பாஸ்பேட்டுக்காக வருது. எலும்பே பாஸ்பேட்தான். மணலுக்கு உரம் போட்டுக்கிட்டு இருந்த வரைக்கும் அது மணல்லயே கிடந்துச்சு. அப்புறம் யாரோ ஒருத்தர், உரத்தை நிறுத்தினா என்ன ஆகும்னு கேட்டிருக்கார். விளைச்சல் ஒண்ணும் குறையலன்னு சந்தோஷப்பட்டாங்க. அது கிணத்துத் தண்ணிக்குப் போனது ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது."

"யாரோ ஒருத்தர்," என்று பனியடிமை திரும்பச் சொன்னார்.

"ஆமா. பேர் கூட இல்லாத ஒருத்தர்."

உலகத்தில் பெரிய துன்பங்களைப் பெரிய கொடியவர்கள் செய்கிறார்கள் என்றுதான் நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அவை, சற்றே அக்கறை குறைந்த ஒரு நல்ல மனிதரின் கையிலிருந்து நழுவி விழுகின்றன.

வள்ளம் பாறைக்கு மேற்கே மெல்ல நகர்ந்தது. திரையில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது. பிறகு இன்னொன்று. திலகவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா! இந்தத் தரத்துல நான் பார்த்ததே இல்ல. மணலுக்குக் கொஞ்சம் கீழ, வரிசையா..."

"அங்க வெறும் மண்ணுதானே. கல்லு எப்படி அம்புட்டு சுத்தமா வரும்?"

"நிறைய பாஸ்பேட் ஒரே இடத்துல கிடைச்சிருக்கணும். பெரிய மீன் எலும்பு ஏதாவது. திமிங்கலம்..." அவள் விரலால் திரையைப் பெரிதாக்கினாள். புள்ளி நீண்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, முழங்காலை மடித்துத் தூங்கும் ஒருவரின் வடிவமாகியது.

அவள் கை அப்படியே நின்றது.

பனியடிமை கயிற்றை விடாமல் குனிந்து பார்த்தார். உதடுகள் அசைய எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணத் தேவை இருக்கவில்லை.

பம்பின் இரைச்சலுக்கு நடுவே அந்தோணிக்குட்டி, "என்னவே, பேய பாத்த மாரி இருக்கிய?" என்று கத்தினார். எட்டிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த ஏழில் அவருடைய சித்தப்பா மகளும் ஒருத்தி.

"இத ஆபீசுக்கு அனுப்பணுமா?" என்று பனியடிமை கேட்டார்.

"கரைக்குப் போனதும் தானாப் போயிரும். நாளன்னைக்குக் காலையில உறிஞ்சுகப்பல் வந்துரும்."

"மனுசங்கன்னு சொன்னா?"

"சொல்லலாம். அப்ப இது மனுஷ உடம்பா, குத்தகைக்குச் சேர்ந்த கனிமமான்னு வழக்கு நடக்கும். முடியற வரைக்கும் கம்பெனிக் குடோன்ல வெச்சுப் பூட்டுவாங்க. வடக்க ஒரு ஊர்ல ஒரு பெரியவரோட எலும்பு இன்னும் அங்கதான் இருக்கு. அவர் சம்சாரம் குடோன் வாசல்லயே மெழுகுவர்த்தி ஏத்திட்டுப் போறாங்க." திலகவதி கருவியை மூடினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. "கருவிக்குள்ள உப்புத்தண்ணி போயிருச்சுன்னு சொல்றேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல கப்பல்ல இருக்கற கருவியே பார்த்துரும்."

அப்போது கயிறு இரண்டு முறை சுண்டியது.

பனியடிமை இழுக்கத் தொடங்கினார். எப்போதும்போல மெதுவாக, ஒவ்வொரு கைப்பிடிக்கும் ஒரு மூச்சு விட்டு. ஆனால் மனம் கயிற்றில் இல்லை. செசிலியைத் தேடித்தான் கஸ்பார் இந்த வேலைக்கு வந்தார் என்பது ஊருக்கே தெரியும். செசிலி எங்கே இருக்கிறாள் என்று இன்று சொல்லிவிட்டால், நாளை கீழே போய் முடிச்சை அவிழ்த்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். சொல்லாவிட்டால், குழாய் வந்து அவளை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். தங்கையா, தங்கை புருஷனா என்று கயிறு பிடித்த எந்த அண்ணனும் இதற்கு முன் யோசித்திருக்கமாட்டான். ஆண்டவரே, எனக்கு ஒரு வார்த்தை கொடும் என்று வேண்டிக்கொண்டார். வார்த்தை ஒன்றும் வரவில்லை. கஸ்பாரின் தலைதான் வந்தது.

அவர் துடைத்துக்கொண்டு, தூக்குவாளியைத் திறந்து, கஞ்சியில் கை வைக்கும்வரை பனியடிமை காத்திருந்தார்.

"மாப்ள."

கஸ்பார் நிமிர்ந்தார். அந்தச் சொல்லைக் கேட்டு நாளாகியிருந்தது.

"பாறைக்கு மேக்க..." என்று பனியடிமை தொடங்கினார்.

"தெரியும் மச்சான்," என்றார் கஸ்பார்.

வள்ளம் லேசாக ஆடியது.

"சேந்த மறு மாசமே பாத்துட்டேன். முழுசா கல்லாத்தான் கெடந்தாவ. தேன் நெறத்துல. அல்போன்சு கையில கட்டுன காப்பு, செசிலி கழுத்துல மாதா சுரூபம், எல்லாம் அப்படியே. கம்பெனி கண்ணுல படக்கூடாதுன்னு மண்ண அள்ளி அள்ளி மூடினேன். போவுத நாளெல்லாம் ஒரு கை மண்ணு. கல்லறைக்கி நாம போடுதது மாதிரி." கஸ்பார் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "குழாய அந்தப் பக்கம் திருப்ப விடாம இம்புட்டு நாளு கடத்திட்டேன். இனி முடியாது போல."

"என்கிட்ட ஏன் வே சொல்லல?"

"நீரு தினம் விடியக்கால கரையில நடக்கீரு. எங்கயாவது ஒதுங்கியிருப்பா, இன்னைக்கி இல்லன்னா நாளைக்கின்னு. அத ஒம்மகிட்ட இருந்து எடுக்க எனக்கு மனசு வரல."

பனியடிமை கயிற்றைச் சுருட்டிவைத்தார். சுருட்டியதையே மறுபடி அவிழ்த்துச் சுருட்டினார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா மாப்ள? ஒமக்குத் தெரிஞ்சா நீரு கயித்த அவுத்துருவீருன்னு."

"மொத நாளு அவுத்தேன்," என்றார் கஸ்பார். "அவுத்துட்டு உக்காந்திருந்தேன். மேலருந்து நீரு ஒரு சுண்டு சுண்டுனீரு. நல்லா இருக்கியான்னு கேக்குத மாதிரி. பதில் சொல்லாம இருக்க முடியல. திரும்பக் கட்டிக்கிட்டேன்."

அந்தோணிக்குட்டி பம்பை நிறுத்திவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

எடுத்துவிடவேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. உடல்களாகத் தூக்க முடியாது. அசையாமல் கிடக்கும்வரைதான் அந்த உருவம், தொட்டால் மணிமணியாக உதிர்ந்துவிடும் என்று கஸ்பார் சொன்னார். ஒவ்வொருவரையும் தனித்தனிப் பையில் அள்ளவேண்டும். அள்ளியது யார் என்பது அவருக்குத் தெரியும்.

"அள்ளிருவீரு. கரைக்குக் கொண்டு போறது எப்படி?" என்றார் அந்தோணிக்குட்டி. "பாலத்து வாசல் இருக்குல்லா?"

வள்ளங்கள் அணையும் பாலத்தின் முடிவில் கம்பெனி ஒரு வாசலை நிறுத்தியிருந்தது. தேன்கல்லை யாரும் கொண்டுபோய் விற்றுவிடாமல் இருக்க. ஒரு பொட்டு கல் உள்ளே புகுந்தாலும் கணீரென்று அடிக்கும். வேறு வழியாக எந்த வள்ளமும் கரையேறக்கூடாது என்று காவல்படகு சுற்றிக்கொண்டிருக்கும்.

கஸ்பார் முதல்முறையாகச் சிரித்தார். அழகான சிரிப்பு அல்ல. "நான் வெறுங்கையோட போனாலும் அடிக்கத்தானே செய்யுது? அடிச்சதும் காவலுக்கு நிக்குத முருகையா என்ன சொல்லுதான்? 'போங்க போங்க'ன்னு கைய ஆட்டுதான். என்னைக்காவது மடிய அவுத்துப் பாத்தானா?"

மற்ற மூவரும் அவரையே பார்த்தார்கள்.

"ஊருல பாதிப் பேருக்குக் கல்லேறியிருக்கு. சாயங்காலம் மீனுக்குப் பாலத்துக்கு வாறவளுவ எல்லாம் கல்லேறினவளுவதான். ஆளுக்குக் கொஞ்சம் சொமந்தா..."

"நானும்," என்றார் பனியடிமை. "செசிலிய நான் சொமக்கேன்."

"நீரு கூடாது மச்சான். ஒம்ம மேல அந்த வாசல் ஒருநாளும் அடிச்சதில்ல. ஒரு மணி ஒம்ம சட்டையில ஒட்டியிருந்தாலும் எல்லாரும் மாட்டிக்கிடுவோம்."

பனியடிமை தலையாட்டினார். அவர் கேட்டது பெரிய காரியம் இல்லை. ஓர் அண்ணன், தங்கையின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்கக் கேட்பதுதான். அதுவும் அவருக்கு இல்லையென்று ஆயிற்று.

மறுநாள் காலை, பூசைக்கு விரிக்கும் வெள்ளைத் துணியில் தைத்த பைகள் வந்தன. தைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. பங்குச் சாமியார் அந்த நாள் பூசையில் பீடத்தை வெறும் பலகையாக விட்டிருந்தார்.

கஸ்பார் இறங்கினார். ஏறினார். ஒவ்வொரு முறையும் ஒரு பை. பையைத் திலகவதி இரு கைகளாலும் வாங்கி, அவர் சொல்லும் பெயரைத் திரும்பச் சொல்லி, நிழலில் வைத்தாள். அந்தோணிக்குட்டி பம்பின் பக்கத்திலிருந்து எழவே இல்லை. மோட்டாரைப் பற்றியும் பேசவில்லை. அவருடைய சித்தப்பா மகள் வந்தபோது மட்டும், "ஏளா, பயந்தியாளா?" என்று பையைப் பார்த்துக் கேட்டார்.

நான்காவது முறை ஏறும்போது கயிற்றின் வழியாக ஒரு சிறு அதிர்வு பனியடிமையின் கைக்கு வந்தது. ஈரச் சுள்ளி முறிவது போல. அவர் இழுப்பதை நிறுத்தி, காத்திருந்து, இன்னும் மெதுவாக இழுத்தார்.

"விலாவா மாப்ள?"

"ஒண்ணுதான். இன்னும் இருக்கு." கஸ்பாரின் உதடு வெளுத்திருந்தது.

"இன்னைக்கிப் போதும்னு சொல்ல முடியலியே."

"சொல்லாதியும்."

கடைசியாக விட்டுவைத்தது செசிலியை. அதற்கு இறங்கியபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மற்றவர்களுக்கு ஆன நேரம் ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. பனியடிமை ஒரு சுண்டு சுண்டினார். பதில் இல்லை.

"இழும் வே," என்றார் அந்தோணிக்குட்டி.

பனியடிமை இழுக்கவில்லை. இன்னொரு சுண்டு. கயிறு தளர்வாக நீரில் வளைந்து கிடந்தது.

"இழும்ங்கேன்! அவுத்திருப்பாரு!"

"அவுத்திருந்தா இழுத்து என்ன செய்ய?" என்றார் பனியடிமை. "அவுக்கலன்னா, அள்ளுத கைய நான் இழுக்கப்பிடாது." பையில் பாதி, மணலில் பாதி என்று தங்கையைப் பிரித்துவிடக்கூடாது என்பதுதான் அவருக்கு. கண்ணை மூடி, அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினார். எத்தனை முறை சொன்னார் என்று அவருக்கே தெரியாது. திலகவதிக்கு அந்தச் செபம் தெரியாது. கையை மட்டும் கூப்பிக்கொண்டாள்.

கயிறு இரண்டு முறை சுண்டியது.

கஸ்பார் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். விலாவை அழுத்தும் இடம் அதுதான், ஆனாலும் யார் கையிலும் கொடுக்கவில்லை.

"என்ன மாப்ள இம்புட்டு நேரம்?"

"வெரலு மச்சான். சின்னச் சின்ன எலும்பு. ஒண்ணு ஒண்ணாத் தேடினேன்."

பாலத்தில் மீன் வாங்கும் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அன்றைக்குக் கூட்டம் அதிகம். வராதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். வலைக்குவியலின் மறைவில் பைகள் அவிழ்ந்தன. முந்தானை முடிச்சிலும் மடியிலும் ஆளுக்குக் கொஞ்சமாக அவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். தேன் நிற மணிகள், கம்பு தானியம் போல, ஆனால் ஏந்திய கை தாழும் கனத்தில்.

"எனக்கு அல்போன்சக் குடுங்க," என்றாள் ஞானசவுந்தரி. அல்போன்சின் மாமியார். "உசுரோட இருக்கையில என்கூட ஒருநாளு ஒழுங்கா நடந்து வந்ததில்ல, எனக்கு முன்னால ஓடிருவான். இன்னைக்கி எப்படிப் போறான்னு பாக்கேன்."

சிரித்த பெண்கள் உடனே அழுதார்கள். அழுதவர்களை, "ஏளா, கண்ணத் தொடச்சுக்கோ, முருகையா பாத்துருவான்," என்று மற்றவர்கள் அதட்டினார்கள். பங்குச் சாமியாரும் வந்து, அங்கியின் இரண்டு பைகளையும் விரித்துக் காட்டினார். அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் அவரும் குடித்தார்.

செசிலியை மட்டும் கஸ்பார் பங்குவைக்கவில்லை. முழுவதையும் தன் மடியில் கட்டிக்கொண்டார்.

பனியடிமை வள்ளத்து ஓரத்தில் உட்கார்ந்து, தோள்வரை கடல் தண்ணீரில் கழுவினார். வீட்டிலிருந்து வந்த வெளுத்த சட்டையையும் வேட்டியையும் மாற்றிக்கொண்டார். ஒரு மணியும் ஒட்டியிருக்கக்கூடாது என்று திலகவதி அவர் நகக்கண்ணைக்கூடப் பார்த்தாள்.

வாசல் அடிக்கத் தொடங்கியது.

ஒருத்தி. கணீர். "போங்க." அடுத்தவள். கணீர். "போங்க." முருகையா சாத்தான்குளம் பக்கத்து ஆள். கல்லேறாதவர். சம்பளத்துக்கு நிற்பவர். முதலில் அவர் பாராமல்தான் கையை ஆட்டினார். பிறகு பார்த்தார். மீன்கூடை இல்லாத பெண்கள். பாலத்துக்கே வராத கிழவர்கள். ஒவ்வொருவரும் நற்கருணை வாங்கப் போகிறவர்களைப் போலக் குனிந்த தலையோடு.

ஞானசவுந்தரி கடந்தபோது அவள் முந்தானை முடிச்சிலிருந்து நாலைந்து மணிகள் உருண்டு சிமெண்டில் விழுந்தன. அவள் நின்றுவிட்டாள். முருகையா அந்த மணிகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவருக்கு என்ன விளங்கியதோ, கடவுளுக்குத்தான் தெரியும். குனிந்து அவற்றைப் பொறுக்கி, அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, "பாத்துப் போங்கம்மா," என்றார்.

கோயிலில் அன்று துக்க மணி அடிக்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள். கம்பெனி காதில் விழுந்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் என்ன, அந்த மாலை முழுவதும் மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது.

கடைசியில் மிஞ்சியவர்கள் பனியடிமையும் கஸ்பாரும் திலகவதியும்.

"நீரு முன்னால போம் மச்சான்," என்றார் கஸ்பார்.

பனியடிமை வெறுங்கையை வீசிக்கொண்டு வாசலுக்குள் காலெடுத்து வைத்தார்.

கணீரென்று அடித்தது.

முருகையா திடுக்கிட்டார். வாசலுக்கு அப்பால் நடந்துகொண்டிருந்தவர்கள் அனைவரும் திரும்பிவிட்டார்கள். "அண்ணாச்சி, ஒம்ம மேல..." என்று முருகையா தடுமாறினார். "சட்டையில ஏதாச்சும் இருக்கும். கழத்திட்டு இன்னொரு தடவ வாரும்."

பனியடிமை பின்னால் வந்து சட்டையைக் கழற்றி உதறினார். உதிர ஒன்றும் இல்லை. வெற்றுடம்போடு மறுபடி நுழைந்தார்.

மறுபடியும் அடித்தது.

அவர் திலகவதியைப் பார்த்தார். எங்காவது தப்பாக அடிக்குமா என்று கேட்க நினைத்த பார்வை அது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். அவ்வளவு போதுமாயிருந்தது. அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏறி இறங்கி, ஏழு முறை கயிற்றை இழுத்த கைகள். தோல் உரிந்து சிவந்திருந்ததே தவிர, எலும்பில் கல்லேறியதற்கு வேறு அடையாளம் ஒன்றும் தெரியவில்லை.

"போங்க அண்ணாச்சி," என்றார் முருகையா, மிகவும் மெதுவாக.

பனியடிமை போகவில்லை. வந்த வழியே திரும்பி, கஸ்பாரிடம் வந்து நின்றார். கழற்றிய சட்டையை இரு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"மாப்ள, பாதி எனக்குத் தாரும்."

கஸ்பார் முருகையாவைப் பார்த்தார். முருகையா கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கஸ்பார் மடியை அவிழ்த்து, ஒரு மணியும் சிந்தாமல், தன் மனைவியில் பாதியை அவள் அண்ணன் சட்டையில் இட்டார். பனியடிமை அதைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டார். உடைந்த விலாவோடு நடப்பவருக்கு அவர் தோள் கொடுக்க, இருவரும் செசிலியோடு ஒன்றாக வாசலுக்குள் நுழைந்தார்கள்.

வாசல் ஒரே தடவைதான் அடித்தது. மூன்று பேருக்கும் சேர்த்து.